மலை ஏறும் எஞ்சினும் அதன் ஒயிலும்

கொழுந்து ஏற்றிய ட்ரக்டர் ஒன்று பசறைப் பக்கத் தோட்டமொன்றின் கீழ்மலையிலிருந்து தொழிற்சாலைக்கு 300 மீற்றர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். வண்டி, பெட்டி, கொழுந்து எல்லாம் சேர்த்து 4 தொன் பாரம். இந்தப் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஏறத்தாழ 12 மெகாஜூல் சக்தி வேண்டும். டீசல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மிச்சமுள்ள பங்கு சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீரிலும் ஒயிலிலும் இறங்கும். ஆக, 12 மெகாஜூல் வேலைக்கு 36 மெகாஜூல் எரிய வேண்டும்; அது ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசல். பாதையின் குண்டு குழிக்கும் சேற்றுக்கும் ஆகும் செலவு தனி.

இதில் எஞ்சினுக்குள் தங்கும் 12 மெகாஜூல் வெப்பத்தை அரை மணி நேர ஏற்றத்துக்குள் வெளியே கொண்டுபோயாக வேண்டும். அந்த வெப்பம் முழுவதையும் கொதிக்கிற தண்ணீரில் செலுத்தினால் 5 லீற்றருக்கு மேல் ஆவியாகிப் போகும். ஒரே ஒரு ஏற்றத்துக்கு இவ்வளவு. கொழுந்து நிறுவை நாளில் இரண்டு மூன்று தடவை நடக்கும்; வண்டியும் அத்தனை தடவை ஏற வேண்டும்.

சமதரையில் ஓடும் லொறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, வெப்பத்தின் அளவு மட்டுமல்ல. கொழும்பு வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனத்தின் ரேடியேட்டருக்குள் காற்று தானாகவே பாய்கிறது. தோட்டப் பாதையில் முதலாம் கியரில் 8 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் வண்டிக்கு அந்தக் காற்று கிடையாது. எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று முழுவதும் பேன் தருவது மட்டுமே. பேன் பெல்ட் சற்றே தளர்ந்து வழுக்கினாலும் சமதரையில் அது தெரியாது. மலையில் பாதி வழியிலேயே தெரிந்துவிடும்.

உயரமும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலைச் சிகரம் 2036 மீற்றர். பசறைத் தோட்டங்கள் பலவும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் இறங்கும். 1000 மீற்றரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். அதே உயரத்தில் காற்றின் அடர்த்தியும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பேன் அதே வேகத்தில் சுற்றினாலும், ரேடியேட்டர் வழியே போகும் காற்றின் எடை குறைவு. அது எடுத்துச் செல்லும் வெப்பமும் குறைவு.

இந்த இடத்தில்தான் யாரும் பெரிதாக மதிக்காத ஒரு சிறு பாகம் வேலை செய்கிறது. அது ரேடியேட்டர் மூடி. அதன் உள்ளே ஒரு சுருள்வில்லும் ஓர் இறப்பர் வளையமும் இருக்கின்றன. அவை உள்ளேயுள்ள நீரை வெளிக்காற்றை விட ஏறத்தாழ 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் அடைத்து வைக்கின்றன. அந்த அழுத்தத்தில், 1000 மீற்றர் உயரத்திலும் தண்ணீர் ஏறத்தாழ 117 பாகை வரை கொதிக்காது. இறப்பர் வெடித்துப் போன மூடியோடு ஓடும் வண்டிக்கு எல்லை 97 பாகை. தேர்மோஸ்டட் திறப்பதே 82 பாகை அளவில் என்றால், டிரைவருக்குக் கிடைக்கும் இடைவெளி 15 பாகைதான். நல்ல மூடி அதை 35 பாகையாக ஆக்குகிறது. ஏற்றத்தில் தண்ணீர் கக்கும் வண்டிக்கு எஞ்சினைப் பிரிக்கும் முன் மூடியை மாற்றிப் பார்ப்பது எப்போதும் லாபம். கூலன்ட் கலந்தால் கொதிநிலை இன்னும் சில பாகை உயரும். அதைவிட முக்கியம், துரு பிடிக்காமல் காப்பது.

துருவும் படிவும் பற்றிச் சொல்வதென்றால், தோட்டங்களில் ரேடியேட்டருக்கு ஊற்றுவது பெரும்பாலும் பீலித் தண்ணீர். குடிக்க அது அமிர்தம், எஞ்சினுக்கு அல்ல. ஊவாவின் பாறைகளில் பளிங்குச் சுண்ணாம்பு பல இடங்களில் கலந்திருக்கிறது. அதைத் தொட்டு வரும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூட்டில் சிலிண்டரைச் சுற்றிய நீர்ப்பாதையின் சுவரில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பை விட இந்தப் படிவு 20 மடங்குக்கு மேல் மோசம். ஒரு மில்லிமீற்றர் படிவு, சிலிண்டர் சுவரை இன்னும் 2 சென்ரிமீற்றர் இரும்பு போட்டுத் தடிப்பாக்கியதற்குச் சமம். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது இதற்கு எளிய பரிகாரம். மழை கொட்டும் மலையில் இதைச் செய்யாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்துக்கு எதிரி வேறு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டிக் காய்ந்து, சூடேறி ஊவாப் பக்கம் இறங்குகிறது. கிழக்கே இறங்கும்போது இதே காற்றைத்தான் கச்சான் என்கிறார்கள். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த மணம் இந்தக் காய்ந்த காற்றில்தான் கொழுந்துக்குள் ஊறுகிறது. அதே காற்று பாதைப் புழுதியையும் மானாப்புல்லின் விதைகளையும் கிளப்பி ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையில் திணிக்கிறது. வெளிக்காற்று 20 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஏறினால், 90 பாகை நீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 70 பாகையிலிருந்து 60 பாகையாகச் சுருங்கும். அத்தோடு ரேடியேட்டரின் திறனில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அடைப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்பக்கமிருந்து பலமாக அடித்தால் விதைகள் இன்னும் ஆழமாகப் போய் இறுகும். மென்மையான தகடுகளும் மடங்கிவிடும்.

இனி ஒயில். எந்தக் கராஜுக்குப் போனாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

“பாஸ் அண்ணே, மலை ஏறுற வண்டிக்குக் கெட்டி ஒயில்தானே ஊத்தணும்?”

“ஆமா தம்பி, மெல்லிசு ஊத்துனா சூட்டுல தண்ணியாப் போயிரும்.”

பாஸ் சொல்வதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. ஒயில் டின்னில் 15 டபிள்யூ 40 என்று போட்டிருக்கும் எண்களை எஸ்.ஏ.ஈ. என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் வகுத்தது. 1911இலேயே தொடங்கி, பலமுறை திருத்தப்பட்ட முறை அது. டபிள்யூவோடு நிற்கும் எண் குளிர்காலத்துக்குரியது. 15 டபிள்யூ என்றால், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலும் எஞ்சினைச் சுழற்றவிடும் அளவுக்கு ஒயில் இளகியிருக்க வேண்டும். பசறை அந்தக் குளிரை ஒருநாளும் காணப்போவதில்லை. நமக்கு முக்கியமானது பின்னால் நிற்கும் 40. அது 100 பாகை சூட்டில் ஒயிலின் தடிப்பைச் சொல்கிறது: 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து 16.3 வரை. 30 என்றால் 9.3 முதல் 12.5, 50 என்றால் 16.3 முதல் 21.9.

இந்த எண்ணின் பின்னால் இன்னொரு சோதனை இருக்கிறது. அதுதான் ஏற்றத்துக்கு நெருக்கமானது. பெயாரிங்குக்குள் ஒயில் சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள படலமாக நசுங்கிக் கொண்டே உலோகத்தை உலோகம் தொடாமல் தாங்குகிறது. அந்த நிலையை ஒத்த வேகத்தில், 150 பாகை சூட்டில் ஒயிலை அளப்பார்கள். 30ஆம் தரத்துக்கு அங்கே குறைந்தபட்சம் 2.9 மில்லிபாஸ்கல் செக்கன் வேண்டும். 15 டபிள்யூ 40க்கு 3.7. பாரம் இழுக்கும் டீசல் எஞ்சினுக்கு 30ஐ விட 40 பொருத்தம் என்பது இங்கேதான் நிரூபணமாகிறது. ஆனால் 50ஆம் தரத்துக்கும் விதி கேட்பது அதே 3.7தான். சந்தையிலுள்ள 50 ஒயில்கள் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும் என்பது உண்மை. அதற்கு எஞ்சின் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும்.

ஒயில் உராய்வைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் பெயாரிங்குகளுக்கும் தண்ணீர் எட்டாது; அங்கிருந்து வெப்பத்தை அள்ளி வருவது ஒயில் மட்டுமே. தேவைக்கு மேல் தடித்த ஒயில் குறுகிய துளைகளில் மெதுவாக ஓடும். ஒயில் பம்பின் அழுத்த வால்வு திறந்து, மேலே போக வேண்டியதில் ஒரு பகுதியைத் திரும்ப அடித்தொட்டிக்கே அனுப்பிவிடும். மீற்றரில் முள் உயர்ந்து நிற்கும், டிரைவருக்கு மனம் நிறையும். பெயாரிங்குக்குப் போகும் ஒயிலோ குறைந்திருக்கும். தடித்த ஒயிலைக் கடைவதில் உண்டாகும் சூடும் எஞ்சினுக்குள்ளேயே சேரும். சூடாகும் வண்டிக்கு 50 ஊற்றிச் சுகப்படுத்த நினைப்பவர், பல நேரம் சூட்டைக் கூட்டிக் கொடுக்கிறார்.

காலைக் குளிரிலும் இதே கதைதான். 100 பாகையில் 14 சென்டிஸ்டோக் உள்ள ஒயில், 20 பாகையில் ஏறத்தாழ 300ஐத் தொடும். விடிகாலைப் பனியில் ஸ்டார்ட் செய்த உடனே ஏற்றத்தில் பாரம் இழுக்க வைத்தால், மேல்பகுதி காய்ந்தபடியே உழைக்கும். ஒரு சில நிமிடம் மெல்ல ஓடவிட்டு, அடுத்த சில நிமிடம் மென்மையாக ஓட்டிப் பின் பாரம் கொடுப்பதே முறை. பழைய காலத்து ட்ரக்டருக்குக் கைந்நூலே ஒற்றைத் தர 40ஐச் சொல்லியிருந்தால், நம் காலநிலையில் அதையே தொடரலாம், தவறில்லை.

தடிப்பைவிடப் பெரிய விடயம் டின்னில் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் வகுப்பில் எஸ் என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. சி.எச்.-4 வந்தது 1998இல், சி.ஐ.-4 வந்தது 2002இல், சி.ஜே.-4 2006இல், சி.கே.-4 2016இல். கடைக்காரர் புதியதே உயர்ந்தது என்பார். மலையகத்து வண்டிக்கு அது அப்படியே பொருந்தாது. கடைசி இரண்டும் கந்தகம் குறைந்த, அதாவது 500 பி.பி.எம். வரையான டீசலையும் புகைவடிகட்டி பொருத்திய எஞ்சினையும் மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. வடிகட்டி அடைபடாமலிருக்க அவற்றில் சாம்பல் தரும் காரப் பொருட்கள் மட்டுப்படுத்தப்பட்டுள்ளன. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாகும். அந்த அமிலத்தை முறிப்பது அதே காரம்தான். வடிகட்டி எதுவும் இல்லாத பழைய ட்ரக்டருக்கு, சூப்பர் டீசலை விடக் கந்தகம் கூடிய சாதாரண ஓட்டோ டீசலை ஊற்றி ஓட்டும்போது, காரம் கூடிய சி.ஐ.-4 ஒயில் பல சமயம் மேலான தெரிவு. அது 0.5 சதவீதம் வரையான கந்தகத்தை எதிர்பார்த்தே வகுக்கப்பட்டது. என் தீர்ப்பு இதுதான்: தோட்டத்து டீசல் வண்டிக்கு 15 டபிள்யூ 40, சி.ஐ.-4. கைந்நூல் வேறு சொன்னால் கைந்நூலே பெரிது.

ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இந்த ஆலோசனை செல்லாது. அவற்றில் பெரும்பாலானவற்றின் கிளச் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து கிடக்கிறது. கார்களுக்கான ஒயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். அது கிளச் தகடுகளை வழுக்க வைக்கும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது கிளச் வழுக்கினால் அதுவே தனிச் சூடு. டின்னில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எப்போது மாற்றுவது? இங்கேதான் மலையகத்து வண்டிகளுக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்ற கணக்கு சமதரைக்கு உரியது. சராசரி 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனத்துக்கு அது 100 மணி நேர உழைப்பு. தோட்டப் பாதையில் சராசரி 12 கிலோமீற்றரில் ஊரும் லொறிக்கு அதே 5000 கிலோமீற்றர் 400 மணி நேரத்தைத் தாண்டும். அதுவும் பாரத்தோடு, சூட்டோடு. ஒயில் கெடுவது தூரத்தால் அல்ல. சூட்டில் கழிந்த நேரத்தால் கெடுகிறது. ஒயிலின் சூடு 10 பாகை கூடினால் அது ஒட்சிசனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ட்ரக்டர் கைந்நூல்கள் மணிக்கணக்கில் பேசுவது இதனால்தான். பல எஞ்சின்களுக்கு 250 மணி. லொறிக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். மணி மீற்றர் இல்லாவிட்டால் நாளுக்கு எத்தனை மணி ஓடியது என்று ஒரு கொப்பியில் எழுதினால் போதும்.

ஒயிலின் உடல்நிலையைத் தோட்டத்திலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு துளியை மை ஒற்றும் தாளில் விட்டு, ஒரு நாள் காயவிடுங்கள். கறுப்பு, நடுவிலிருந்து விளிம்பு வரை சீராக மங்கிப் பரவியிருந்தால் ஒயில் கரியை இன்னும் சுமக்கிறது. நடுவில் கருமையான வட்டமாகக் கூர்மையான எல்லையோடு நின்றுவிட்டால் சுமக்கும் சக்தி தீர்ந்துவிட்டது. வெளியே கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் வளையம் அகலமாக இருந்தால் டீசல் கலந்திருக்கலாம். ஓரம் பல் பல்லாகத் தெரிந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது மட்டும் குற்றமல்ல. கரியை அள்ளித் தன்னுள் வைத்திருப்பது அதன் வேலை. பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால்தான் ஆபத்து. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் கலக்கிறது என்று பொருள்.

டிப்ஸ்டிக் பார்க்கும் இடமும் முக்கியம். மலையில் வண்டி நிறுத்தும் இடம் சரிவாகவே இருக்கும். சரிவில் ஒயில் ஒரு பக்கம் சேர்ந்து, குச்சி கூட்டியோ குறைத்தோ காட்டும். மட்டமான ஓரிடத்தைத் தேர்ந்து எப்போதும் அங்கேயே பாருங்கள். அளவு குறைந்த நிலையில் செங்குத்தான ஏற்றத்தில் ஒயில் பின்பக்கம் ஓடிவிடும். பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். பெயாரிங் பிடிப்பதற்கு அந்தச் சில நொடிகளே போதும்.

இனி, வண்டி சூடாகிவிட்டால் என்ன செய்வது. பேன் சுற்றுகிறது, தண்ணீரும் இருக்கிறது என்றால், ஓரமாக நிறுத்திப் பாரத்தை எடுத்துவிட்டு எஞ்சினைச் சற்று வேகமாகச் சும்மா ஓடவிட வேண்டும். உடனே அணைத்தால் பம்பும் பேனும் நின்று, உள்ளே இருக்கும் சூடு ஒரே இடத்தில் தேங்கும். பெல்ட் அறுந்திருந்தால், குழாய் வெடித்திருந்தால், உடனே அணைத்துவிட வேண்டும். மீற்றரின் முள் சிவப்புக்குப் போய்த் திடீரென்று கீழே இறங்கினால் ஆறுதல் அடையாதீர்கள். தண்ணீர் வடிந்து, சென்சர் நீரில்லாமல் நிற்கும்போது அப்படிக் காட்டும். சூடான மூடியைத் திறப்பது உயிரோடு விளையாடுவது: 110 பாகையில் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகிப் பீறிடும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த பீலித் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கக்கூடும்.

சீனத் தயாரிப்பு ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பூட்டிய சில லேண்ட்மாஸ்டர் இருசக்கர ட்ரக்டர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவற்றுக்கு ரேடியேட்டர் இல்லை. மேலே திறந்த தண்ணீர்த் தொட்டிதான். அதில் தண்ணீர் கொதிப்பது கோளாறு அல்ல, கொதித்து ஆவியாகியே அது எஞ்சினைக் குளிர்விக்கிறது. தொட்டியின் மேல் தெரியும் சிவப்பு மிதவை தாழும்போது தண்ணீர் விட்டால் சரி. மலையில் அது சீக்கிரம் தாழும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

சூடாகும் வண்டிக்குக் கராஜ்களில் செய்யும் ஒரு வைத்தியத்தைக் கட்டாயம் எதிர்க்க வேண்டும்: தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிவது. சில எஞ்சின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வரும் பக்கவழியைச் சூடானதும் மூடுவது தேர்மோஸ்டட்டே. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பும். வண்டி முன்னைவிடச் சூடாகும். மற்ற எஞ்சின்களில் வேறு தொல்லை. பசறைப் பாதையில் ஏற்றம் எவ்வளவோ அவ்வளவு இறக்கம். இறங்கும்போது கியரில் பிடித்தபடி, டீசல் எரியாமல் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். தேர்மோஸ்டட் இல்லாவிட்டால் எஞ்சின் அளவுக்கு மேல் ஆறிப்போகும். ஆறிய சிலிண்டரில் மறுபடி டீசல் பாயும்போது, எரியாமல் மிஞ்சும் டீசலும் நீராவியும் ஒயிலில் இறங்கிச் சேறாகவும் அமிலமாகவும் மாறும். ஏற்றத்தின் பிரச்சினையை இறக்கத்துக்கு மாற்றி வைத்ததைத் தவிர வேறு பலன் இல்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளும் பழைய எஞ்சின்களே மலையைச் சுமந்தன. இன்றும் பெரும்பாலும் அவையே. கொழுந்தை மட்டும் அவை ஏற்றுவதில்லை. லயத்திலிருந்து பிரசவத்துக்குப் போகும் பெண்ணும், நெஞ்சுவலியோடு கிடக்கும் முதியவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பல தோட்டங்களில் இதே லொறியையும் ட்ரக்டரையும் நம்பியே இருக்கிறார்கள். கொழுந்தும் காத்திருக்காது, சாக்கில் அடைத்த பச்சைக் கொழுந்து மூச்சு விட்டுத் தானாகச் சூடேறிச் சிவந்துபோகும். பாதியில் நின்ற வண்டியால் பெண்கள் நாள் முழுக்க எடுத்த கொழுந்து தரம் கெடுவதை எந்தக் கணக்குப் புத்தகமும் ஒயில் செலவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மணி மீற்றர், ஆண்டுக்கொரு ரேடியேட்டர் மூடி, இவற்றின் செலவு ஒரு ஹெட் கேஸ்கட் வேலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

டின் வாங்கும்போது மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு விலையில் உதிரியாக ஊற்றித் தரும் ஒயிலைத் தொடாதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனமா என்ற சந்தேகம் வந்தால், நாட்டின் மசகெண்ணெய்ச் சந்தையைக் கவனிக்கும் பொறுப்புள்ள இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். வடித்த பழைய ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, வாங்கிச் செல்பவரிடம் கொடுங்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கும். பீலிக்கு மேலேயுள்ள மண்ணில் அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அந்த ஓடையில்தான் லயத்துக் குடங்கள் நிறைகின்றன.